இரட்டைக்குழல் துவக்கு: இறக்குதல், கழற்றுதல், காத்தல்

இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கு என்பது ஒரே கட்டையில் பூட்டிய இரண்டு துவக்குகள். குழல் இரண்டு, தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் குதிரை இரண்டு, அதை உந்தும் விசைவில் இரண்டு, விரலால் அழுத்தும் விசையும் பெரும்பாலும் இரண்டு. முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. ஒரு குழல் வெடித்து முடிந்தாலும் மற்றது அப்படியே காத்து நிற்கும். ஒன்றைக் காலி செய்துவிட்டு மற்றதை மறந்துபோவது இந்த வகைத் துவக்குக்கே உரிய ஆபத்து. நூறு வயது தாண்டிய துவக்கென்றால் வெளியே தெரியாத தேய்மானமும் துருவும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பங்களாக்களில் இப்படிப்பட்ட துவக்குக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1848இல் நுவரெலியாவில் பண்ணை அமைத்துக் குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கே வேட்டையாடிய கதைகளைப் புத்தகமாகவே எழுதினார். அவருக்கு முன்னே பதுளையில் அரச அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட அவருடைய கல்லறை நுவரெலியா கோல்ஃப் மைதானத்தை ஒட்டி இருக்கிறது. அவர்கள் காலத்துத் துவக்குகள் வாய்வழியே மருந்தும் சன்னமும் திணித்துக் கெட்டிப்பவை. நடுவே மடிந்து, பின்புறமாகத் தோட்டா போடும் துவக்கு பரவலானது அதற்குப் பிறகுதான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். தேயிலைக்கு முன் மலையை ஆண்ட கோப்பியில் இலைநோய் தலைகாட்டியது 1869இல். பர்மிங்ஹாமில் அன்சன், டீலி என்ற இருவர் குதிரையைப் பெட்டிக்குள் மறைத்த துவக்குக்குக் காப்புரிமை பெற்றது 1875இல். நுவரெலியாவில் ஹில் கிளப் தொடங்கியது 1876இல். தேயிலையும் இந்தப் புதுத் துவக்கும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் மலையேறின என்று சொல்லிவிடலாம்.

துரைமார் மரையும் காட்டுக்கோழியும் காட்டுப்பன்றியும் சுட்ட காலம் மெல்ல முடிந்தது. 1894இல் வேட்டைக்காரர்களும் தோட்டத் துரைமாரும் சேர்ந்தே வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1937இல் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. துரைமார் கப்பலேறினாலும் துவக்கு எல்லாம் கூடவே போய்விடவில்லை. இன்றும் பழைய பங்களா அலுமாரியிலும், வேட்டைக்காரக் குடும்பங்களின் வாரிசுகளிடமும் பர்மிங்ஹாம் முத்திரை பதித்த இரட்டைக்குழல் தென்படுவதுண்டு.

இத்தகைய துவக்கைக் கையிலெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த வகை என்பதை. குதிரை இரண்டும் இரு காதுகளைப்போல வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது குதிரைத் துவக்கு. குதிரை ஏறி அடிக்கத் தயாராக இருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். வெளியே எதுவும் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் குதிரை பூட்டுப்பெட்டிக்குள் மறைந்திருக்கும் வகை. இதைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். காரணம் அதன் பொறியமைப்பு. குழலை மடிக்கும்போது முன்கட்டையின் இரும்பு இரண்டு நெம்புகளை அழுத்தும். அந்த நெம்புகள் உள்ளே இருக்கும் குதிரைகளைத் தூக்கி ஏற்றிவிடும். ஆகவே இந்தத் துவக்கை ஒரு தடவை திறந்து மூடினாலே இரண்டு குதிரையும் ஏறிவிடும். தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்தவர், அதைப் பார்த்த அந்த நிமிடமே குதிரையையும் ஏற்றிவிட்டார் என்று பொருள்.

அடிக்கட்டையின் கழுத்தருகே இருக்கும் சேஃப்டி பொத்தானை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பெரும்பாலான பெட்டிப்பூட்டுத் துவக்குகளில் அது விசையை மட்டுமே தடுக்கும். ஏறிநிற்கும் குதிரையைப் பிடித்திருப்பது விளிம்பளவே உள்ள ஒரு சிறு எஃகுக் கொளுக்கி. அந்த விளிம்பு தேய்ந்த துவக்கு கல்தரையில் விழுந்தால், சேஃப்டி போட்டிருந்தாலும் குதிரை அடித்துவிடக்கூடும். பூட்டு இரு பக்கத் தகடுகளில் அமைந்த, விலையுயர்ந்த பக்கப்பூட்டுத் துவக்குகளில் இதற்கென இரண்டாவது கொளுக்கி ஒன்றை வைத்திருப்பார்கள். சாதாரணத் துவக்கில் அது இருக்காது.

எல்லாவற்றுக்கும் முன் காலி செய்ய வேண்டும். குழல்வாய் ஆளில்லாத, தடித்த சுவரோ மண்மேடோ உள்ள பக்கம் நோக்கி இருக்கட்டும். லயத்துப் பலகைத் தடுப்பும் தகரக் கூரையும் அதற்கு உதவாது. விரல் விசைக்காப்புக்கு வெளியே நிற்க வேண்டும். மேல்நெம்பை வலப்பக்கம் தள்ளிக் குழலை மடித்துத் தோட்டாக்களை எடுத்துவிட வேண்டும். பிறகு இரண்டு தோட்டா அறைக்குள்ளும் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பது நல்லது. மங்கிய வெளிச்சத்தில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. எடுத்த தோட்டா அதே மேசையில் கிடக்கக் கூடாது. வேறு அறையில் வைத்துவிட்டு வந்த பிறகே அடுத்த வேலை.

குழலுக்குள்ளும் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்புறமிருந்து பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சுவரில் தொங்கிய துவக்கில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். சில வேளை பழைய சீலைத்துண்டு சிக்கிக்கிடக்கும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. ‘போர்’ என்ற குழலளவில் எண் கூடினால் துளை குறுகும். 20 போர் தோட்டா 12 போர் துவக்கின் அறைக்குள் வழுக்கிப்போய், அறை குறுகும் இடத்தில் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தோன்றும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும், பிடித்திருக்கும் இடக்கையும் அதோடு போகும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

ஏறிய குதிரையை இறக்குவது அடுத்த வேலை. குதிரைத் துவக்கில் இதைக் குழல் மடிந்து திறந்திருக்கும்போதே செய்ய வேண்டும். கைநழுவினாலும், குதிரை அடித்துத் தள்ளும் ஊசிக்கு முன்னால் தோட்டா என்று எதுவும் இராது. பெருவிரலால் குதிரையை இறுகப் பிடித்து, சற்றே பின்னிழுத்து, அந்தப் பக்கத்து விசையை அழுத்தியபடி மெல்ல மெல்ல இறக்கிவிட வேண்டும். இறங்கத் தொடங்கியதும் விசையிலிருந்து விரலை எடுத்துவிடலாம். ஒவ்வொன்றாக, அந்தந்த விசையைச் சரிபார்த்துச் செய்ய வேண்டும். நுவரெலியாவின் அதிகாலைக் குளிரில் விறைத்த விரலோடும், எண்ணெய் பிசுபிசுக்கும் கையோடும் இதைச் செய்யப் போவது வம்பை விலைக்கு வாங்குவது. மிகப் பழைய துவக்குகளில் குதிரை முழுதாக இறங்கினால் ஊசியை அழுத்தியபடியே நிற்கும். அவற்றைத் திறக்கவும் மூடவும் குதிரையைப் பாதி ஏற்றில் நிறுத்தியாக வேண்டும். 1860களின் கடைசியிலிருந்து வந்த பூட்டுகளில் குதிரை அடித்தபின் தானாகச் சற்றுப் பின்வாங்கி நிற்கும். பாதி ஏற்றைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பல் தேய்ந்திருந்தால் ஒரு தட்டே போதும்.

குதிரை மறைந்த வகையில் விரலால் பிடித்து இறக்க வழியில்லை. விசையை அழுத்தி அடிக்கவிட்டுத்தான் ஆக வேண்டும். வெறும் அறையில் அப்படி அடிக்கவிட்டால், அடி வாங்க எதுவும் இல்லாமல் பழைய ஊசி முனை ஒடியக்கூடும். அதற்காகவே ஸ்நாப் கேப் என்ற போலித் தோட்டா இருக்கிறது. மருந்து இல்லாதது, ஊசி படும் இடத்தில் ரப்பரோ வில்லோ வைத்து அடியைத் தாங்கும்படி செய்தது. இரண்டு அறையிலும் அதைப் போட்டு மூடி, குழல்வாயைப் பாதுகாப்பான பக்கம் பிடித்து, முன்விசையையும் பின்விசையையும் ஒவ்வொன்றாக அழுத்தினால் இரண்டு குதிரையும் இறங்கிவிடும். சுட்ட தோட்டாக் கோதையே போலியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நல்லதல்ல: சுட்டதையும் சுடாததையும் ஒரே பையில் போடும் வீட்டில் ஒருநாள் மாறிப்போகும். ஸ்நாப் கேப் பார்த்ததுமே வேறாகத் தெரிய வேண்டும்.

விசைவில்லுக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் அது சோர்ந்துபோகுமா என்பது சேகரிப்பாளர்களிடையே ஓயாத வாக்குவாதம். நன்றாகப் பதம் போட்ட வில் பல்லாண்டு ஏறியே நின்றாலும் அவ்வளவாகத் தளராது. வில் ஒடிவது பெரும்பாலும் உலோகக் குறையாலோ துருக் குழியாலோதான். ஆகவே வில்லுக்காக அல்ல, வீட்டிலுள்ளவர்களுக்காகக் குதிரையை இறக்கி வைப்பதே நியாயம். ஸ்நாப் கேப் கைவசம் இல்லாதவர் காலியான துவக்கை ஏறிய நிலையிலேயே கழற்றி வைப்பது, வெறும் அறையில் அடிக்கவிடுவதைவிட மேல்.

கழற்றுவது மூன்று துண்டோடு நிற்க வேண்டும்: முன்கட்டை, குழல், அடிக்கட்டையோடு கூடிய பூட்டுப்பெட்டி. முன்கட்டை பிடித்திருக்கும் விதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சிலவற்றில் நுனியில் ஒரு சிறு பொத்தான், அழுத்தினால் விடும். சிலவற்றில் அடிப்பக்கம் ஒரு நாக்கு. விரலால் தூக்கி இழுக்க வேண்டும். மிகப் பழையவற்றில் குறுக்கே ஓடும் ஆப்பை ஒரு பக்கம் தள்ள வேண்டும். முன்கட்டையைக் குழலிலிருந்து விலக்கி எடுத்தபின், மேல்நெம்பைத் தள்ளிக் குழலை மடித்து, கீல் முளையிலிருந்து தூக்கினால் குழல் தனியே வந்துவிடும். ஒரு கை குழலைத் தாங்கியே இருக்க வேண்டும். கல்தரையில் விழுந்து நெளிந்த குழலைச் சரிசெய்வது புதுத் துவக்கு வாங்கும் செலவு.

இங்கே வரிசை முக்கியம். அன்சன்-டீலி வகையில் ஸ்நாப் கேப்பில் குதிரையை இறக்கிவிட்டு, மூடிய நிலையிலேயே முன்கட்டையைக் கழற்ற வேண்டும். முன்கட்டை இல்லாதபோது குழலை மடித்தால் நெம்புகளை அழுத்த எதுவும் இராது, குதிரை இறங்கியபடியே இருக்கும். வழக்கம்போல முதலில் மடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு கழற்றினால் குதிரை மறுபடி ஏறிவிடும். இறக்கிய வேலை வீண். பூட்டும்போதும் அதே வரிசை தலைகீழாக: குழலை மாட்டி, மூடி, கடைசியில் முன்கட்டை. சுட்ட கோதைத் தானாக வெளியே தள்ளும் எஜெக்டர் உள்ள துவக்கில் முன்கட்டைக்குள்ளும் சிறு விற்களும் சுத்திகளும் இருக்கும். அவை தவறான நிலையில் நின்றால் முன்கட்டை ஏறாமல் முரண்டு பிடிக்கும். முழங்காலில் வைத்து அழுத்தி ஏற்ற முயன்று உடைத்தவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட துவக்கைத் தெரிந்த திருத்துநரிடம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுக்கொள்வதே சரி.

கழற்றியபின் பூட்டுப்பெட்டியை மட்டும் கையில் வைத்து விசையை இழுத்து விளையாடுவது பெரும் தவறு. குழல் எதிரே இல்லாதபோது அடிக்கும் ஊசியும் குதிரையும் பெட்டி முகப்பையே சேதப்படுத்தலாம். இதற்கு மேல் திருகாணி கழற்றவும் கூடாது. பழைய ஆங்கிலத் துவக்கின் திருகாணித் தலையில் உள்ள பிளவு மயிரிழை அகலம். கடையில் வாங்கும் ஸ்குரூ டிரைவர் அதைச் சிதைத்துவிடும். உள்ளே மடிந்து கிடக்கும் வில்லைக் கிடுக்கி போடாமல் எடுத்தால் அது பாய்ந்து வந்து கண்ணைப் பதம் பார்க்கும்.

மலையகத்தில் துவக்குக்கு எமன் ஈரம். நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவு. ஹட்டனுக்குக் கீழே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் சேரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் செருப்பும் புத்தகமும் பூஞ்சணம் பிடிக்கும் வீட்டில் எஃகும் தப்பாது. குளிரில் வெளியே இருந்த துவக்கை அடுப்பனல் உள்ள அறைக்குள் கொண்டுவந்தால், அதன்மேல் வியர்த்ததுபோல நீர் பூக்கும். அரைமணி நேரம் பொறுத்து, எல்லா இடமும் உலர்ந்த சீலையால் துடைத்து, பிறகே எண்ணெய் பூச வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் வீட்டுச் சாமான் கைகொடுக்காது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். கொழும்பில் ஓடும் எண்ணெய் நுவரெலியாவில் வெண்ணெய்போல இறுகி, நாளடைவில் காறிப்போய்ப் பூட்டுக்குள் பிசினாகப் படியும். அப்படிப் பிசினேறிய துவக்கில் சேஃப்டி பாதியில் நிற்கும், விசை சிக்கும். துவக்குக்கென்று விற்கும் மெல்லிய கனிய எண்ணெய் நல்லது. தையல் மெசின் எண்ணெயும் ஆபத்துக்கு உதவும். அதுவும் சீலையில் தொட்டு மெலிதாகத் தடவும் அளவே. கீல் முளையில் ஒரு துளி கிறீஸ். குழலை உள்ளே துடைக்கும்போது பின்புறமிருந்து வாய்ப்பக்கம் தள்ள வேண்டும். கறுப்பு மருந்தில் சுட்ட குழலின் கசடு எண்ணெயில் கரையாது. சோப்புக் கலந்த சூடான நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, பிறகே எண்ணெய். கையால் தொட்ட இடத்தில் வியர்வை உப்பு தங்கும். துவக்கைப் பார்க்க வந்த விருந்தாளி போனதும் ஒருமுறை துடைத்து வைப்பவருடைய துவக்கில் விரல் ரேகைத் துரு விழாது.

நின்ற நிலையில் வைப்பதென்றால் குழல்வாய் கீழ்நோக்கி இருப்பது மேல். வாய் மேலே இருந்தால் எண்ணெய் வழிந்து பூட்டுப்பெட்டி வழியாக அடிக்கட்டையில் இறங்கும். எண்ணெய் குடித்த வால்நட் கட்டை கறுத்து, மென்மையாகி, பொருத்து இடத்தில் வெடிக்கும். பழைய துவக்குகளில் கழுத்துப் பகுதியில் தெரியும் கறுப்புக் கறை இந்தக் கதைதான். பங்களாவின் கணப்படுப்புக்கு மேலே துவக்கு மாட்டும் வழக்கத்தில் அழகு உண்டு, அறிவு இல்லை: பகலில் ஈரம், இரவில் அனல் என்று மாறி மாறிப் பட்டால் மரம் பிளக்கும், எஃகு துருப்பிடிக்கும், திருடனுக்கும் வழி காட்டியதாகும். துவக்கோடு வந்த தோல் பெட்டியும் நீண்ட நாள் வைப்புக்கு ஆகாது. தோலும் உள்ளே ஒட்டிய கம்பளித் துணியும் ஈரத்தைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். பெட்டி பயணத்துக்கு, அலுமாரி வீட்டுக்கு.

சுவரோடு பூட்டிய இரும்பு அலுமாரியில், வெளிச்சுவரைத் தொடாத பக்கம், சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைப்பது நல்ல ஏற்பாடு. சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அலுமாரி அடியில் சிறிய பழையவகை மின்குமிழ் ஒன்றை எரியவிடும் வழக்கமும் பயன் தரும். எல்ஈடி குமிழில் அந்த அளவு சூடு வராது. தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு சாவியில். முன்கட்டையை மட்டும் தனியே மூன்றாவது இடத்தில் பூட்டி வைத்தால், துவக்கு பறிபோனாலும் அதை உடனே பயன்படுத்துவது கடினம். இலங்கையில் இந்த யோசனைக்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஜே.வி.பி. இளைஞர்கள் கையில் பெரும்பாலும் இருந்தவை வேட்டைத் துவக்குகளும் கையால் செய்த குண்டுகளும். 1987-89 காலத்து இரண்டாவது கிளர்ச்சியிலும் வீடுகளில் இருந்த அனுமதி பெற்ற துவக்குகள் பறிக்கப்பட்டன.

நன்றாகப் பேணிய பழைய துவக்கைச் சுடலாமா என்பது வேறு கேள்வி. இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல்களில் நீரோட்டம்போல அழகிய கோலம் தெரியும். அவை பெரும்பாலும் கறுப்பு மருந்துக்காகச் செய்தவை. முறுக்குக்கு நடுவே உள்ள துரு வெளியே தெரியாது. லண்டன், பர்மிங்ஹாம் சோதனைச் சாலைகளின் முத்திரை குழலின் அடியில் இருக்கும். புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை இல்லையென்றால் கடைத் தோட்டா போடக் கூடாது. முத்திரை இருந்தாலும் அறை நீளத்தைப் பார்க்க வேண்டும். பழைய ஆங்கில அறை 65 மில்லிமீற்றர், இன்றைய சாதாரணத் தோட்டாவுக்கு 70 வேண்டும். நீளமான தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பெரும்பாலான பழைய துவக்குகளுக்கு இனி அலுமாரியே சரியான இடம்.

இலங்கையில் இவை எல்லாம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அலங்காரத்துக்குத் தொங்கும் துவக்கு என்றாலும், சுடக்கூடியதாக இருந்தால் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கெடு டிசம்பர் 31. அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது, வீட்டுக்குரியதல்ல. தாத்தா மறைந்தபின் துவக்கு பேரனுடையதாகத் தானாக மாறிவிடாது. அதை ஒப்படைத்துவிட்டுத் தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய பங்களாவைப் புதுப்பிக்கும்போது பரணிலிருந்து யாருக்கும் சொந்தமில்லாத துவக்கு கிடைத்தால், மேலே சொன்ன எதையும் செய்து பார்க்க வேண்டியதில்லை. தோட்டா இருக்கிறது என்றே எண்ணி, தொடாமல், அறையைப் பூட்டிவிட்டு அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்துவிடுங்கள்.